பெயருக்கு முன்னால் ஒரு ‘ஃபூ’

கடல் கடந்தோர் சுவடு – 11

சென்ற இதழ் டப்ளினில், ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்திலிருந்து எழுந்த புகையோடு முடிந்தது. 1922 ஜூன் 30. அயர்லாந்தின் பொதுப் பதிவகம் எரிந்த நாள். 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு குடிக்கணக்குகளும், சில துண்டுகள் நீங்கலாக, அன்றைக்குச் சாம்பலாயின. 1861, 1871 கணக்கேடுகளை அரசே அதற்கு முன்பு அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. எல்லாருடைய பிறப்பையும் இறப்பையும் அரசு பதியத் தொடங்கியதே அங்கே 1864இல்தான். பஞ்ச காலத்தில் கப்பலேறிய ஓர் ஐரிஷ் உழவரின் வழிவந்தவர் இன்று தேடிப் போனால், நிலவரிக்காக 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில், ஊரில் தங்கிவிட்ட ஏதோ ஓர் உறவுக்காரரின் பெயர் கிடைக்கலாம். அதுவும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே. மனைவி பெயர் இராது, பிள்ளைகள் பெயர் இராது.

அதே நூற்றாண்டு, இன்னொரு தீவு. இங்கும் கத்தோலிக்கக் குடியானவர்கள். இங்கும் நிலம் தூரத்தில் இருந்த பிரபுக்களின் கையில். இங்கிருந்தும் இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஆனால் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு ஒரு நியூ ஓர்லியன்ஸ்காரர் தன் கொள்ளுத் தாத்தாவின் ஊர்ப் பெயரோடு வந்து கேட்டால், அந்தக் கொள்ளுத் தாத்தாவின் தாத்தா பெயர் என்ன, என்ன தொழில் செய்தார், யாரை மணந்தார் என்பதுவரை காகிதத்தில் காட்டிவிட முடிகிறது. கூலிக்கு மண் வெட்டிய, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவருக்கு இது எப்படிக் கிடைத்தது? இந்த இதழ் அந்தக் கதைதான்.

நெப்போலியனிலிருந்து தொடங்க வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கோயில் ஏட்டோடு விடாமல் அரசே பதிய வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த வழக்கம். நேப்பிள்ஸில் அவர்கள் ஆண்டபோது, 1809இல் அது நடைமுறைக்கு வந்தது. சிசிலி அவர்கள் கைக்கு எட்டவில்லை. இரு நிலங்களையும் ஆண்டுவந்த போர்போன் குலத்து அரசர் பிரிட்டிஷ் கடற்படையின் காவலில் பலெர்மோவில் இருந்தார். நெப்போலியன் வீழ்ந்து, நேப்பிள்ஸும் சிசிலியும் ஒரே அரசாக இணைந்த பிறகு, எதிரி விட்டுப்போன அந்தப் பழக்கத்தைப் போர்போன்கள் கைவிடவில்லை. சிசிலிக்கும் நீட்டினார்கள். 1820 தொடங்கி, தீவின் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. அயர்லாந்துக்கு 44 ஆண்டுகள் முன்னால்.

அந்த ஏட்டில் ஒரு பிறப்புப் பதிவை மனக்கண்ணில் விரித்துக்கொள்ளுங்கள். பக்கம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்புறம் அரசின் பதிவு. வலப்புறம் குறுகலான பத்தியில், அந்தக் குழந்தைக்கு எந்தக் கோயிலில், எந்த நாளில் திருமுழுக்கு நடந்தது என்ற குறிப்பு. இடப்புறத்தில் ஆண்டும் நாளும் எண்ணால் அல்ல, எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். ஊர்த் தலைவர் முன்னால் வந்து நின்றவர் யார், அவர் வயது என்ன, தொழில் என்ன, எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று வரிசையாக வரும். பிறகு, அவர் ஓர் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ கொண்டுவந்து காட்டினார், நாங்கள் அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தோம் என்ற வாசகம். பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டவேண்டும். கடைசியில் இரண்டு சாட்சிகள். அதற்குக் கீழே பெரும்பாலான ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி: தந்தைக்கு எழுதத் தெரியாததால் அவர் கையெழுத்திடவில்லை.

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் மதிக்கும் சொல் இரண்டே எழுத்துதான். தந்தையின் பெயரை எழுதும்போது அவருடைய தந்தையின் பெயரையும் சேர்த்தே எழுதுவது அங்கே வழக்கம். சால்வதோரே ‘தி’ அந்தோனினோ என்றிருந்தால், அந்தோனினோவின் மகன் சால்வதோரே, அந்தோனினோ உயிரோடு இருக்கிறார் என்று பொருள். சால்வதோரே ‘ஃபூ’ அந்தோனினோ என்றிருந்தால் அந்தோனினோ காலமாகிவிட்டார். ‘ஃபூ’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘இருந்தார்’ என்பதுதான். நம் வீட்டுத் திருமணப் பத்திரிகையில் பாட்டனார் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்றோ ‘லேட்’ என்றோ போடுகிறோமே, அதே வேலையை இந்த ஃபூ செய்கிறது. நாம் மரியாதைக்குப் போடுகிறோம். அவர்கள் பதிவுக்குப் போட்டார்கள். தேடுகிறவருக்கு அது ஒரு கடிகாரம் போல உதவுகிறது. 1834இல் பிறந்த மூத்த பிள்ளையின் பதிவில் ‘தி அந்தோனினோ’ என்றும், 1838இல் பிறந்த அடுத்த பிள்ளையின் பதிவில் ‘ஃபூ அந்தோனினோ’ என்றும் இருந்தால், பாட்டனார் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் போய்ச் சேர்ந்திருக்கிறார். 1837 கோடையில் பலெர்மோவைக் காலரா தாக்கி, நகரில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது என்று தெரிந்தவர், நேரே அந்த ஆண்டின் இறப்பு ஏட்டைத்தான் எடுப்பார்.

திருமண ஏடு இதைவிடச் செழிப்பானது. அக்காலச் சட்டப்படி மணமக்களுக்குத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். தந்தை இறந்திருந்தால் தந்தைவழிப் பாட்டனாரின் ஒப்புதல். அவரும் இறந்திருந்தால், இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று. ஆகவே ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு கட்டுக் காகிதம் சேரும். மணமக்களின் பிறப்புச் சான்று, இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று, பாட்டனாரின் இறப்புச் சான்று, 1820க்கு முந்தையவற்றுக்குப் பங்குக் கோயில் ஏட்டிலிருந்து குருவானவர் எழுதிக்கொடுத்த நகல். ஒரு கூலியாளின் கல்யாணக் கட்டைப் பிரித்தால், 1750களில் பிறந்த அவர் பாட்டனார்வரை ஒரே மூச்சில் போய்விடலாம். அதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு ‘ரிவேலி’ இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சிசிலியில் வரி விதிக்க எடுத்த குடிக்கணக்கு அது. வீட்டுக்கு எத்தனை உயிர், என்ன வயது, எவ்வளவு திராட்சைத் தோட்டம், எத்தனை கோவேறு கழுதை என்பதெல்லாம் அதில் உண்டு. பலெர்மோவின் அரசு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

பெண்களைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். இத்தாலியப் பதிவுகளில் பெண்ணுக்குத் திருமணமானாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் மாறாது. பிள்ளையின் பிறப்புப் பதிவிலும், அவளுடைய இறப்புப் பதிவிலும், கப்பல் பயணிகள் பட்டியலில்கூட அந்தப் பெயர்தான். அமெரிக்காவில் கணவன் பெயரில் தேடிக் கிடைக்காமல் பலர் கைவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு குடும்பப் பெயரிலும் அவர்களுக்கு மேல் வரியில் தாய் வேறொரு குடும்பப் பெயரிலும் இருப்பாள். வேறு யாரோ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். தாய்வழி மரபு அறுபடாமல் நிற்பதற்குச் சிசிலி ஏடுகளைப் போல உதவும் ஏடு உலகில் அதிகம் இல்லை.

பெயர் வைக்கும் முறையோ நமக்கு விளக்கவே வேண்டாதது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர். இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர். மூத்த மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி, இளைய மகளுக்குத் தாய்வழிப் பாட்டி. பாட்டன் பெயரை எடுப்பவன் என்பதால்தானே நாம் ‘பெயரன்’ என்கிறோம். அதுவே பேச்சில் பேரன் ஆனது. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகளின் பெயர் தெரிந்தால் நான்கு பாட்டன் பாட்டிகளின் பெயரை ஊகித்து, ஏட்டில் போய்ச் சரிபார்க்கலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தோனினோவுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஊரில் ஒரே வயதில் ஐந்து அந்தோனினோக்கள், ஒரே குடும்பப் பெயரோடு இருப்பார்கள். அங்கே பிரித்துக் காட்டுவது மறுபடியும் அந்தத் ‘தி’யும் ‘ஃபூ’வும்தான்.

இனி, இவை ஏன் எரியவில்லை என்ற கேள்வி. எரிக்க ஆள் இல்லாமல் இல்லை. வரிக் கொடுமை பொறுக்காமல் எழுந்த ‘ஃபாஷி’ உழவர் இயக்கத்தின் உச்சத்தில், 1893 டிசம்பரிலும் 1894 ஜனவரியிலும் பல ஊர்களில் மக்கள் வரிச்சாவடிகளுக்கும் ஊர்மன்ற அலுவலகங்களுக்கும் தீ வைத்தார்கள். ஆனால் பதிவேடு தொடங்கிய நாளிலிருந்தே ஒரு விதி இருந்தது: ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு படியாக எழுத வேண்டும். ஒன்று ஊர்மன்றத்தில், மற்றது மாவட்ட நீதிமன்றத்தில். ஊரில் ஒன்று அழிந்தால் நகரில் மற்றது நிற்கும். அயர்லாந்து தன் ஆவணங்களை நேர்த்தியாக ஒரே கூரையின் கீழ் சேர்த்தது. அந்த ஒரு கூரை எரிந்தபோது எல்லாம் போயிற்று. நீதிமன்றப் படிகள் காலப்போக்கில் அரசு ஆவணக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன. இன்று அவற்றின் பக்கங்களைப் படம்பிடித்து, ‘முன்னோர்’ என்று பொருள்படும் ‘அந்தெனாத்தி’ என்ற பெயரில் இத்தாலிய அரசு இணையத்தில் எவரும் காசின்றிப் பார்க்க வைத்திருக்கிறது.

பலெர்மோவின் காப்பகம் இரண்டு பழைய மடங்களில் இயங்குகிறது. ஒன்று லா காலா என்ற பழைய துறைமுகத்துக்கு எதிரே, காத்தேனா. மற்றது காஞ்சா. காஞ்சா மடத்துக்குத் தனிக் கதை இருக்கிறது. 1860 ஏப்ரல் 4ஆம் தேதி, போர்போன் அரசுக்கு எதிரான கிளர்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. அன்றே அடக்கப்பட்டது. தப்பிய இருவர் கோயிலின் நிலவறையில், பிணங்களுக்கு நடுவே ஐந்து நாள் மறைந்திருந்தார்கள். பிறகு சுவரில் துளையிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் காவலர் கண்ணைத் திசைதிருப்ப, வெளியேறினார்கள். பிடிபட்ட 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே, இத்தாலியை ஒன்றிணைக்கப் படையோடு வந்த கரிபால்டி மார்சாலாவில் இறங்கினார். மே 27இல் பலெர்மோவுக்குள் நுழைந்தார். போர்போன் ஆட்சி போயிற்று. அவர்கள் தொடங்கிவைத்த ஏடுகள் அதே காஞ்சாவுக்குள் வந்து தங்கின.

புதிய இத்தாலி சிசிலியின் ஏழைக்கு எதைக் கொடுத்தது? போர்போன் காலத்தில் தீவுக்கு இல்லாத ஒன்றை: கட்டாயப் படைச் சேவை. 20 வயதுப் பையனைப் பிடித்துப்போனால் வீட்டில் ஏர் பிடிக்க ஆள் இல்லை. 1866 செப்டம்பரில் பலெர்மோ மறுபடி கொதித்தது. ஏழரை நாள் நகரம் கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. இதன் பிறகு மாவரைக்கக்கூட வரி வந்தது. 1880களில் அடிமேல் அடி. திராட்சைக் கொடியைப் ஃபிலாக்சரா பூச்சி தின்றது. பிரான்சுடன் சுங்கப் போர் மூண்டு ஒயின் விற்கவில்லை. ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் அமெரிக்கர்கள் தாங்களே பழத்தோட்டம் போட்டதும் பலெர்மோ எலுமிச்சையின் விலை சரிந்தது. கந்தகச் சுரங்கங்களிலும் இதே நிலைமை. 1893 ஜனவரி 20இல், பலெர்மோ மாகாணத்தின் கல்தவுத்தூரோவில் பொதுநிலத்தைக் கேட்டு உழுத விவசாயிகளைப் படைவீரர்கள் சுட்டதில் 13 பேர் மடிந்தார்கள். மறு ஆண்டு பிரதமர் கிரிஸ்பி தீவில் இராணுவச் சட்டம் கொண்டுவந்து ஃபாஷி இயக்கத்தை நசுக்கினார். கிரிஸ்பியும் சிசிலிக்காரர்தான். போராடிப் பார்த்துத் தோற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். 1913இல், ஒரே ஆண்டில், தீவைவிட்டுச் சென்றவர்கள் ஏறத்தாழ 1,46,000 பேர்.

படைக்கு ஆளெடுக்கும் பட்டியல்களும் இன்று தேடுகிறவருக்குப் பொக்கிஷம். உயரம், மார்பளவு, முடியின் நிறம், கண்ணின் நிறம், எழுதப் படிக்கத் தெரியுமா, தொழில் என்ன என்பது அதில் இருக்கும். பையன் வரவில்லையென்றால், அமெரிக்காவில் இருக்கிறான் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். கொள்ளுத் தாத்தாவின் புகைப்படம் இல்லாதவர் அவர் கண் சாம்பல் நிறம் என்று முதன்முதலாக அறிவது அங்கேதான்.

கப்பல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலெர்மோவைச் சூழ்ந்த ‘பொன்கிண்ணம்’ சமவெளியின் எலுமிச்சையும் ஆரஞ்சும்தான் முதலில் அமெரிக்காவுக்குப் போயின. பழப்பெட்டிகளோடு வணிகர்களும் மாலுமிகளும் போனார்கள். 1850 அளவிலேயே அமெரிக்காவில் இத்தாலியர் மிகுந்த நகரம் நியூயார்க் அல்ல, பழக்கப்பல்கள் போய்ச் சேர்ந்த நியூ ஓர்லியன்ஸ். பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. கலாப்ரியாவின் பஞ்ஞாராவிலிருந்து பலெர்மோவுக்கு வந்து மருந்துச் சரக்குக் கடை வைத்த ஃப்ளோரியோ குடும்பம் பெருங் கப்பல் முதலாளிகளாகியிருந்தது. 1881இல் அவர்கள் ஜெனோவாவின் ருபத்தீனோ நிறுவனத்தோடு இணைந்து இத்தாலியின் மிகப் பெரிய கப்பல் நிறுவனத்தை உருவாக்கினார்கள். பழத்துக்குப் பக்கத்தில் ஆட்களை ஏற்றினார்கள்.

நியூ ஓர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் இவர்களுக்குக் காத்திருந்தது கரும்பு. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு மலிவான கை தேவைப்பட்டது. அக்டோபரில் தொடங்கும் கரும்பு வெட்டை சிசிலிக்காரர்கள் ‘சுக்கராத்தா’ என்றார்கள். வெட்டு முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள், அடுத்த ஆண்டு மறுபடி வந்தார்கள். இதைப் படிக்கும்போது என் நினைவு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போகிறது. கரிபால்டி பலெர்மோவுக்குள் நுழைந்த அதே 1860இல், அக்டோபர் 12ஆம் தேதி, ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. அங்கும் கரும்பு. அங்கும் மலிவான கைகளைத் தேடிய தோட்டக்காரர்கள். ஒப்பந்தக் கூலியாகப் போன நம்மவருக்கு வெட்டு முடிந்ததும் திரும்பும் உரிமை இல்லை. இந்த வேறுபாட்டை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, நியூ ஓர்லியன்ஸ்காரர் ஒருவர் தன் வேரைத் தேடி எங்கே இடறுகிறார்? ஊர்ப் பெயரில். தாத்தாவின் ஊர் எது என்றால் ‘பலெர்மோ’ என்று குடும்பத்தில் சொல்வார்கள், கல்லறையிலும் அப்படியே வெட்டியிருக்கும். பலெர்மோ என்றால் கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம், மாகாணமாக இருக்கலாம். சொந்த ஊர் கொர்லியோனே, தெர்மினி இமெரேசே, செஃபாலு, பகேரியா எதுவாகவும் இருக்கும். நகருக்குள்ளேயே பிறந்தவர் என்றாலும் வேலை முடியாது. பலெர்மோவின் ஏடுகள் நகர்ப்பகுதி வாரியாகத் தனித்தனியே எழுதப்பட்டவை. கால்சாவில் பிறந்தவரை காப்போவின் ஏட்டில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஐரிஷ்காரர் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று அமெரிக்கக் கணக்கெடுப்பில் எழுதிவிட்டுப் போனதும், நம்மவர் ‘மெட்ராஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனதும் இதே வகைதான். மதுரையும் வேலூரும் விசாகப்பட்டினமும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிட்டன.

ஊர்ப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. பலெர்மோ மாகாணத்து மலையில் கொந்தெஸ்ஸா எந்தெல்லினா என்றோர் ஊர். 15ஆம் நூற்றாண்டில் துருக்கியருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த அல்பேனியர்கள் குடியேறிய ஊர் அது. இன்றும் அல்பேனிய மொழியும் கிரேக்க முறை வழிபாடும் அங்கே உண்டு. அவர்களில் பலர் 19ஆம் நூற்றாண்டில் நியூ ஓர்லியன்ஸுக்கு இரண்டாவது கடலைக் கடந்தார்கள். 1886இல் அங்கே ஒரு நலச்சங்கம் வைத்தார்கள். ‘இத்தாலியர் சங்கம்’ என்று மட்டும் பெயரிட்டு நிறுத்தவில்லை. கொந்தெஸ்ஸா எந்தெல்லினா என்ற ஊர்ப் பெயரையே அதில் பொறித்தார்கள். அதனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்த ஏட்டைத் திறப்பது என்று தடுமாறுவதில்லை.

ஐரிஷ்காரரும் சிசிலிக்காரரும் நேருக்கு நேர் நின்ற ஒரு துயரம் நியூ ஓர்லியன்ஸில் நடந்தது. 1890 அக்டோபரில் நகரின் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னஸி சுடப்பட்டு இறந்தார். ஐரிஷ் வழிவந்தவர். பழி சிசிலிக்காரர்கள்மேல் விழுந்தது. வழக்கு நடந்த ஒன்பது பேரில் ஒருவரைக்கூட நடுவர்குழு குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14இல், ஆயிரக்கணக்கானோர் சிறைக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றார்கள். முன்னின்றவர்கள் நகரின் வழக்கறிஞர்களும் பெரிய மனிதர்களும்தான். இத்தாலி தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அமெரிக்க அரசு 25,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. நகர மேயர் மன்னிப்புக் கேட்டது 2019 ஏப்ரலில், 128 ஆண்டு கழித்து. முந்திய தலைமுறையில் ஐரிஷ்காரரை மனிதராக மதிக்காத அமெரிக்காதான் இப்போது சிசிலிக்காரரை அப்படி நடத்தியது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில குடும்பங்கள் பெயரையே ஆங்கிலமாக்கிக்கொண்டன என்றால் வியப்பில்லை.

‘எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்’ என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அது உண்மை அல்ல. பயணிகள் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனத்தார் எழுதினார்கள். நியூயார்க்கின் குடிவரவுச் சாவடியான எல்லிஸ் தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பலெர்மோத் துறைமுகத்தில் எழுதியவருக்கு இத்தாலியப் பெயர் பழக்கமானது. பெயரை மாற்றியது பிற்பாடு பள்ளியும் வேலையிடமும், பெரும்பாலும் அவர்களே. கலோஜெரோ என்ற சிசிலிப் பெயர் சார்லி ஆயிற்று. வின்சென்ஸோ ஜேம்ஸ் ஆனார். ரொசாலியா ரோஸ் ஆனாள். சார்லியைத் தேடுகிறவர் கலோஜெரோவைத் தேடவேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

தேடலில் அவசரம் கூடாது என்பதற்கு ஓர் ஐரிஷ் பாடம். 1892 ஜனவரி 1இல் எல்லிஸ் தீவு திறந்தபோது முதலில் காலடி வைத்தவர் கார்க் பகுதியிலிருந்து வந்த ஆனி மூர் என்ற சிறுமி. அவர் டெக்சாஸுக்குப் போய் அங்கே இறந்தார் என்று பல ஆண்டு எல்லாரும் நம்பினார்கள். அது வேறோர் ஆனி மூர். உண்மையானவர் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தார் என்பதை 2006இல்தான் பதிவுகளை ஒப்பிட்டு நிறுவினார்கள். உலகமறிந்த ஒருவருக்கே இந்தக் குழப்பம் என்றால், ஐந்து அந்தோனினோக்கள் உள்ள ஊரில் எவ்வளவு பொறுமை வேண்டும்!

எல்லா இழையும் மேலே போவதில்லை. சில, குழந்தையைக் கைவிடும் சுழல்பெட்டியில் முடிந்துவிடும். வறுமையாலோ அவமானத்தாலோ பிள்ளையை வளர்க்க முடியாதவர்கள் இரவில் சுவரிலிருந்த அந்தப் பெட்டியில் வைத்துத் திருப்பிவிட்டுப் போவார்கள். உள்ளே ஒரு பெண் எடுத்துக்கொள்வாள். மறுநாள் அவள்தான் ஊர்த் தலைவர்முன் போய்ப் பதிவு செய்வாள். தந்தை பெயர் இல்லாத அந்தப் பக்கத்தில், குழந்தை எந்தத் துணியில் சுற்றப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கும். பெயரும் குடும்பப் பெயரும் அங்கேயே இடப்படும். அந்தப் பிள்ளையின் வழிவந்தவருக்குக் கிடைக்கும் கடைசித் தகவல் ஒரு பழந்துணியின் நிறம். ஆனாலும் அவனும் ஏட்டில் இருக்கிறான்.

இப்போது பலெர்மோவின் ஏட்டில் நம் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 1980களிலிருந்து ஈழத்தமிழர் அந்நகரில் குடியேறினார்கள். அல்பெர்கேரியாப் பகுதியின் பல்லாரோச் சந்தை அவர்களுக்குச் சொந்தத் தெரு. கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவளாக 1624 முதல் பலெர்மோ வணங்கும் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, மோந்தே பெல்லெக்ரினோ மலையேறி, கிறிஸ்தவத் தமிழரும் சைவத் தமிழரும் நேர்ச்சையோடு போகிறார்கள். நியூ ஓர்லியன்ஸுக்குப் புறப்பட்டவர்கள் கப்பலிலிருந்து திரும்பிப் பார்த்த மலை அதுதான்.

இதை எழுதும்போது மனம் பொறுக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் போனவரின் வழிவந்தவர், இத்தாலிய மண்ணை மிதிக்காவிட்டாலும், இந்த ஏடுகளைக் காட்டித் தலைமுறைக் கணக்கின்றி இத்தாலியக் குடியுரிமை கேட்க முடிந்தது. 2025இல்தான் அதைப் பெற்றோர், பாட்டன் பாட்டி தலைமுறை அளவுக்குக் குறுக்கினார்கள். பலெர்மோவிலேயே பிறந்து, பலெர்மோப் பேச்சையே பேசும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கோ, 1992ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டப்படி, 18 வயதுவரை இடைவிடாமல் அங்கே சட்டப்படி வாழ்ந்து, அடுத்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் அந்த உரிமை. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஏடு இல்லாதவருக்கு என்ன நேரும் என்பதை இலங்கையின் மலையகத் தமிழரைவிட அறிந்தவர் யார்? கங்காணியின் பின்னால் மன்னார் வழியாக நடந்துபோனவர்களுக்கு நேட்டால் கப்பல் பட்டியலைப் போலத் தந்தை பெயரும் ஊரும் எழுதிய பதிவு பெரும்பாலும் கிடையாது. 1948இன் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தார், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்று நிறுவச் சொன்னது. தேயிலை நட்ட கைகளில் காகிதம் இல்லை. பல இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, பூர்வீக ஊர் எது என்று சொல்லத் தெரியாமல் நின்ற குடும்பங்கள் எத்தனையோ.

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரையும் முதலெழுத்தாகச் சுருக்கிவிடுகிறோம். மு. என்றால் முத்தையாவா, முருகேசனா, முனியாண்டியா? இரண்டு தலைமுறை கழித்துச் சொல்ல ஆள் இருக்காது. வெளிநாட்டுப் படிவத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராக உறைந்து, அண்ணன் பிள்ளைகள் ஒரு பெயரிலும் தம்பி பிள்ளைகள் வேறொரு பெயரிலும் பிரிந்துபோவதை ஐரோப்பாவில் உள்ள எந்தத் தமிழ்க் குடும்பமும் அறியும்.

ஆகவே இந்த இதழைக் கீழே வைத்ததும் வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தாத்தாவின் முழுப் பெயர், அவர் தகப்பனாரின் முழுப் பெயர், பாட்டி பிறந்த வீட்டின் ஊர், யார் எந்த ஆண்டு எந்தத் துறைமுகத்திலிருந்து போனார்கள் என்பதைக் கேட்டு, தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்தை ஊர் என்று எழுதிவிடாதீர்கள். காலமானவர் பெயருக்கு முன்னால் அதையும் குறியுங்கள். இரண்டு படி எடுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.